பங்குனிப் பருவமும் பம்பாய்த் தமிழரும்

பம்பாயில் வசந்தம் என்று ஒரு பருவம் உண்டா என்று, ஊரிலிருந்து வரும் உறவினர்கள் என்னைக் கேட்பதுண்டு. நான்கு மாதம் விடாது பெய்யும் மழையைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள். மழை நின்றபின் வரும் புழுக்கத்தையும், மார்கழி தையில் தலைகாட்டிவிட்டு மறையும் சிறு குளிரையும் அறிவார்கள். இவற்றுக்கு இடையே வசந்தன் வந்து தங்க இடமேது என்பது அவர்கள் ஐயம். மாசி மாதத்தில் செம்பூரிலிருந்து கிழக்கு விரைவுச்சாலையில் விக்ரோலி வரையில் ஒருமுறை அவர்களை அழைத்துச் சென்றால், இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு உச்சி முதல் அடிக்கிளை வரை இளஞ்சிவப்புப் பூக்களாகவே நிற்கும் மரங்களின் வரிசையைக் கண்டு அந்த ஐயம் பாதி தீர்ந்துவிடும். மீதி ஐயத்தைத் தீர்க்க அவர்கள் நம்முடன் ஒரு மாத காலம் தங்க வேண்டும். ஏனெனில், இந்நகரத்துத் தமிழனுக்கு வசந்தத்தின் வரவை முதலில் அறிவிப்பது பூவும் குயிலும் அல்ல. கையில் ரசீதுப் புத்தகத்துடன் கதவைத் தட்டும் நாலு பேர்தாம்.

மராத்தியர் ‘வர்கணி’ என்று சொல்வதை நாமும் அப்படியே வர்கணி என்று சொல்லப் பழகிவிட்டோம். ஹோலிக்கு ஒரு வர்கணி, ராமநவமி உற்சவத்துக்கு ஒரு வர்கணி, பங்குனி உத்திரத்து அன்னதானத்துக்கு ஒன்று, அம்பேத்கர் ஜயந்திக்கு ஒன்று. இவையெல்லாம் போதாவென்று, தாராவியில் குடியிருக்கும் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு ஊர்க்கோயில் கொடைக்கான தலைக்கட்டு வரியும் இதே பருவத்தில் வந்து சேரும். மூன்று தலைமுறைக்கு முன் ஊரை விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், அந்த ஊர்த் தெருவில் மழைக்குக்கூட ஒதுங்கியிராதவர்கள், தங்கள் குடும்பத்தின் பெயரில் தலைக்கட்டு வரியைத் தவறாமல் கட்டிவிடுகிறார்கள். கிராமம் என்பது நிலமும் வயலும் மட்டுமென்றால் அவர்கள் கிராமத்தை விட்டு வந்து நெடுங்காலம் ஆயிற்று. சேர்ந்து பணம் போட்டு, சேர்ந்து பந்தல் கட்டி, சேர்ந்து உண்ணும் ஏற்பாடும் கிராமந்தான் என்றால், அதை அவர்கள் ரயிலேற்றிக் கூடவே கொண்டு வந்திருக்கிறார்கள்.

தமிழர் மிகுந்து வாழும் மாட்டுங்கா, தாராவி, செம்பூர் என்ற மூன்று பேட்டைகளும் தோன்றிய வரலாறு ஒன்றுக்கொன்று வேறானது. 1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் வாட்டியபின், 1898-இல் நிறுவப்பட்ட நகர அபிவிருத்தி டிரஸ்டு, நெருக்கடியான தென்பகுதியிலிருந்து ஜனங்களை வடக்கே குடியேற்றும் பொருட்டுத் தாதர், மாட்டுங்கா மனைகளை வகுத்தது. அங்கே குமாஸ்தாக்களாகவும் ஸ்டெனோகிராபர்களாகவும் வந்திறங்கிய தென்னாட்டவர், வீடு நிலைத்தவுடனே 1923-இல் ஆஸ்திக சமாஜத்தை நிறுவினார்கள். இன்று கொச்சு குருவாயூர் என்று எல்லாரும் வழங்கும் கோயில் அதனுடையதே. தாராவியின் கதை உழைப்பின் கதை. தோல் பதனிடும் கொட்டகைகளுக்குக் கை தேவைப்பட்ட காலத்தில், திருநெல்வேலிப் பக்கத்து ஆதிதிராவிட மக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும், உப்புநீர் புகும் சதுப்பு நிலத்தைத் தங்கள் கையால் தூர்த்து, அதன்மேல் குடிசை போட்டு, குடிசைக்கு நடுவே பிள்ளையாரையும் மாரியம்மனையும் மாதா கோயிலையும் எழுப்பிக்கொண்டார்கள். செம்பூரோ பின்னால் வளர்ந்தது. மாட்டுங்காவில் வாடகைக்கு இருந்தவர்கள் சொந்த வீடு தேடிக் கிழக்கே நகர்ந்தபோது பெருகியது. சேடா நகரில் அவர்கள் எழுப்பிய முருகன் கோயிலுக்குத் திருச்செம்பூர் என்று பெயரிட்டதில், திருச்செந்தூரைப் பிரிந்த ஏக்கம் எவ்வளவு இருந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

வசந்த கால விசேஷங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தவனுக்கு, 2025-ஆம் ஆண்டைப்போல் எடுத்துக்காட்டுக்கு வாய்த்த ஆண்டு வேறில்லை. அவ்வாண்டு மார்ச் 13-ஆம் தேதி மாசிப் பௌர்ணமி. அன்று இரவு ஹோலித் தீ. மறுநாள் வெள்ளிக்கிழமை, 14-ஆம் தேதி, வண்ணம் பூசும் தூளிவந்தனம். அந்த வெள்ளிக்கிழமையே ரமலான் மாதத்து ஜும்ஆத் தொழுகை. அன்றே மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் காரடையான் நோன்பு. சந்திரனைப் பின்பற்றும் இரண்டு நாட்காட்டிகளும் சூரியனைப் பின்பற்றும் ஒரு நாட்காட்டியும் ஒரே வெள்ளிக்கிழமையில் வந்து கூடின.

முதலில் அந்தத் தீயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ‘சால்’ என்னும் வரிசை வீடுகளின் முற்றத்திலும், கூட்டுறவுக் குடியிருப்புகளின் வாயிலிலும், தாராவியின் ஆதிக்குடிகளாகிய கோலி மீனவர் வாழும் கோலிவாடாவிலும், மாலையிலிருந்தே குழி தோண்டி, அதன் நடுவில் ஒரு கொம்பை நட்டு, சுற்றிலும் வரட்டியும் விறகும் வைக்கோலும் அடுக்கி, கோலமிட்டு, மாலை சூட்டி வைப்பார்கள். நடுவே நடுவது பெரும்பாலும் ஆமணக்கு. சில இடங்களில் வாழை, கரும்பு, கமுகு. பெண்கள் மஞ்சள் குங்குமம் இட்டு, நீர் வார்த்து வலம்வந்து, போளியும் தேங்காயும் நைவேத்தியம் செய்தபின் பெரியவர் ஒருவர் தீயிடுவார். பிள்ளைகள் வாயில் கையை வைத்து ஓலமிடுவார்கள். இந்தக் காட்சியைத் தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த எவரும் முதல் தடவை பார்க்கும்போது திகைத்துப்போவார்கள். ஏனென்றால், இதே மாசிப் பௌர்ணமியில், இதே ஆமணக்கை நடுவில் நட்டு, வைக்கோற்புரி சுற்றி, வரட்டி அடுக்கி, காமன் பண்டிகை என்ற பெயரில் அவர்கள் ஊர் முச்சந்தியிலும் தீ எரிகிறது. இங்கே எரிபவள் ஹோலிகை. அங்கே எரிபவன் மன்மதன். அங்கே மூன்றாம் நாள் ரதியின் புலம்பலுக்கு இரங்கி இறைவன் மன்மதனை உயிர்ப்பிக்கிறான்.

காமவேள் வழிபாடு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கலித்தொகையும் சிலப்பதிகாரமும் அதைப் பேசுகின்றன. ஆனால், காமன் பண்டிகையின் உயிராக விளங்கிய இலாவணிப் பாட்டு மராத்தியர் தந்த கொடை. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிவாஜியின் தம்பி ஏகோஜி தஞ்சையில் அமர்ந்தது முதல் 1855-இல் அந்த அரசு முடிந்தது வரையில், காவிரிக் கரைக்கு வந்து சேர்ந்த மராத்தியக் கலைகளில் இலாவணியும் ஒன்று. ‘எரிந்த கட்சி’ என்றும் ‘எரியாத கட்சி’ என்றும் பாடகர்கள் இரண்டாகப் பிரிந்து, காமன் எரிந்தே போனான் என்று ஒருவரும், எரியவில்லை என்று மற்றவரும், டேப்பைத் தட்டிக்கொண்டு புராணத்திலிருந்து கேள்வி எழுப்பியும் விடை கூறியும் விடியவிடியப் பாடுவார்கள். எதிராளியின் கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் வாயடைத்து நிற்பதைவிடப் பெரிய அவமானம் அந்தப் பாடகனுக்கு இல்லை. அதற்காகவே புராணங்களைக் கரைத்துக் குடித்த தையற்காரர்களும் கொல்லர்களும் டெல்டாக் கிராமங்களில் இருந்தார்கள். இதன் மூலமாகிய மராத்தி லாவணியிலும் இரண்டு கட்சிகள் உண்டு: சக்தியை மேலென்று சாதிக்கும் கல்கிக் கட்சி, சிவனை மேலென்று சாதிக்கும் துரா கட்சி. அங்கும் டப்பின் தாளத்தோடு சவால்-ஜவாப் நடக்கும். ஆகவே, தஞ்சைத் தமிழன் ஒருவன் பம்பாய்க்கு வந்து ஹோலித் தீயின் முன் நிற்கும்போது, அந்நியர் பண்டிகையை வேடிக்கை பார்க்கிறான் என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. நம் வீட்டுக்கு வந்து போன விருந்தாளியின் ஊருக்கு இப்போது நாம் வந்திருக்கிறோம்.

தீயால் வசந்தத்தை வரவேற்பது நம் தேசத்துக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. பிரான்ஸ் தேசத்துக் கிராமங்களில், தவக்காலம் தொடங்கும் பருவத்தில், கார்னிவல் என்ற பெயரால் வைக்கோலும் கந்தலும் கொண்டு ஒரு பெரிய பொம்மையைச் செய்து, ஊர்வலமாக இழுத்துச் சென்று, ஓராண்டில் ஊருக்கு நேர்ந்த தீங்குகளையெல்லாம் அவன் தலையில் சுமத்தி, விசாரணை நடத்தித் தீர்ப்பும் கூறி, முடிவில் கொளுத்திவிடுகிறார்கள். தவக்காலத்து முதல் ஞாயிறன்று குன்றுகளின்மேல் சொக்கப்பனை கொளுத்தித் தீப்பந்தங்களோடு தோட்டங்களைச் சுற்றிவரும் வழக்கமும் அங்கே சில பகுதிகளில் இருந்திருக்கிறது. குளிர் ஒழிந்து, பழைய சருகும் சுள்ளியும் உலர்ந்து குவிந்து, புது விதைப்புக்கோ புது அறுவடைக்கோ காத்திருக்கும் உழவன், எந்த நாட்டவனாயிருந்தாலும், பழையதைக் கூட்டி எரிக்க விரும்புவது இயல்பே. அதற்கு ஹோலிகை என்றும் மன்மதன் என்றும் கார்னிவல் என்றும் அவனவன் தன் கதையைச் சூட்டிக்கொள்கிறான். பம்பாயிலோ எரிக்க வயலும் இல்லை, சருகும் இல்லை. அதனால் சிலர் தெருவோர மரத்தின் பச்சைக் கிளையை வெட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மரங்களைக் காக்க 1975-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது; மாநகராட்சியும் ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. காய்ந்ததை எரிப்பதுதான் ஹோலியின் தாத்பரியமாயிருக்க, துளிர் விட்ட கிளையை எரிப்பது பண்டிகைக்கே விரோதம் என்று எங்கள் குடியிருப்பில் நான் வாதாடி வருகிறேன். இப்போதெல்லாம் வரட்டியே பெரும்பாலும் போதும் என்றாகியிருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். காலையில் தாராவியில் நண்பர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்பிக்கொள்ள வேண்டிய அகலமே உள்ள சந்து அது. பிள்ளைகள் தகர டப்பாக்களில் வண்ணநீர் கலந்து வைத்திருந்தார்கள். நண்பகல் நெருங்க, வெள்ளைச் சட்டையும் தொப்பியும் அணிந்த திருநெல்வேலிப் பாய்மார்கள், நோன்பு நோற்ற வாடிய முகத்தோடு தொழுகைக்குப் புறப்பட்டார்கள். சந்தின் கோடியில் முதல் தொப்பி தெரிந்ததுமே, யாரும் அதட்டாமல், பிள்ளைகள் டப்பாக்களைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் ஒட்டி நின்றார்கள். அவர்களில் ஒருவன், “சாச்சா, போங்க, போங்க, ஒண்ணும் படாது” என்றான். கடைசிப் பெரியவர் கடந்து சென்றதும் ஆட்டம் மறுபடியும் தொடங்கிற்று. இதை ஒரு பெரிய சமய ஒற்றுமைச் செய்தியாக அந்தச் சந்தில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டடி அகலச் சந்தில் பக்கத்து வீட்டுக்காரரின் நோன்பு எத்தனை மணிக்கு முடியும் என்பது எல்லாருக்கும் தெரிந்துதான் இருக்கும்.

மாலையில் மாட்டுங்காவுக்குப் போனேன். சந்தையில் காரடையான் நோன்புச் சரட்டுக் கட்டுகள் தொங்கின. வாழையிலை, வெற்றிலை, பச்சரிசி மாவு, காராமணி இவற்றை வாங்க வந்த பெண்களில் பாதிப் பேர் தலையில் காலையில் விழுந்த குலால் பொடி இன்னும் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. நோன்புக்கு மாசி போய்ப் பங்குனி வரும் சந்தி முக்கியம். அந்த வருஷம் சூரியன் அஸ்தமித்த பிறகுதான் அது கூடிற்று. வறுத்த மாவை வெல்லப் பாகில் கிளறி, வேகவைத்த காராமணியும் தேங்காய்ப் பல்லும் சேர்த்து, உள்ளங்கையில் தட்டி, நடுவே விரலால் ஒரு துளையிட்டு ஆவியில் வேகவைத்த அடையும், அதற்குத் துணையாக உப்படையும், உருகாத வெண்ணெயும் நுனியிலையில் வைத்து, சாவித்திரியை நினைத்து, சரடு கட்டிக்கொண்டு, அதன்பின் உண்பார்கள். எங்கள் வீட்டில் அன்று செய்த அடையில் முதல் நாலு, எதிர்வீட்டு மராத்திய மாவுஷிக்குச் சென்றது. முந்தின இரவு ஹோலிப் போளி வந்த தட்டிலேயே அது திரும்பிப் போயிற்று. தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை என்ற மரியாதையை இரண்டு பாஷைக்காரர்களும் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்க நேரவே இல்லை.

செம்பூரின் ஹோலி என்றவுடன் வெளியூர்க்காரர்கள் ராஜ் கபூரின் ஆர்.கே. ஸ்டூடியோவைத்தான் நினைத்துக்கொள்வார்கள். வண்ணநீர்த் தொட்டியில் நட்சத்திரங்களை முக்கியெடுத்த அந்த வைபவமும் ஒரு காலத்துப் புகழ்தான். 2017-இல் ஸ்டூடியோ தீக்கிரையாகி, 2019-இல் அந்த நிலமும் கட்டுமானக் கம்பெனிக்கு விற்கப்பட்டுவிட்டது. புகழ் பெற்ற ஹோலி போய்விட்டது; பெயரில்லாத சால் ஹோலிகள் இருக்கின்றன.

2025-இல் மார்ச் 30-ஆம் தேதி குடி பாட்வா. 31-ஆம் தேதி ரம்ஜான் பெருநாள். மூங்கில் கொம்பின் நுனியில் பட்டுத் துணி சுற்றி, வேப்பங்கொத்தும் மாவிலையும் சர்க்கரைப் பதக்க மாலையும் கட்டி, செம்பைக் கவிழ்த்து, பலகணியில் சாய்த்து நிறுத்தும் அந்தக் ‘குடி’ எங்கள் மாடியில் வரிசையாக நிற்பதைப் பார்க்க எனக்கு என்றுமே அலுத்ததில்லை. மாவுஷி அன்று காலை ஒரு சிறு கிண்ணத்தில் வேப்பந்துளிரும் வெல்லமும் ஓமமும் புளியும் சேர்த்து அரைத்த உருண்டையைக் கொண்டு வந்து, ஆளுக்கு ஒரு சிட்டிகை வாயில் போட்டுவிட்டுத்தான் போவார்கள். இரண்டு வாரம் கழித்து, சித்திரை முதல் தேதியன்று, அதே வேம்பின் பூவும் வெல்லமும் மாங்காய்ப் பச்சடியாகி அவர்கள் வீட்டுக்குப் போகும். அவர்கள் வருஷப்பிறப்பு சந்திரனைக் கொண்டது, நம்முடையது சூரியனைக் கொண்டது. ஆகவே இரண்டும் ஒரே நாளில் வருவது அபூர்வம். வேப்பமரத்துக்கு அந்த வித்தியாசம் இல்லை. துளிர்க்கும்போது அவர்களுக்கும் பூக்கும்போது நமக்குமாக, இரண்டு வீட்டுக்கும் அது கசப்பை அளிக்கிறது.

ராமநவமியைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. மாட்டுங்காவில் அதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பாராதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். தென்னிந்திய பஜன சமாஜத்தில் உபன்யாசமும் நாம சங்கீர்த்தனமுமாய்ச் செல்லும் அந்த நாட்களில், பானகமும் நீர்மோரும் பருப்புச் சுண்டலும் வாங்கிக்கொள்ள நிற்கும் வரிசையில், மாட்டுங்காப் பாட்டிகளுக்குப் பின்னால் குஜராத்திக் கடைக்காரர்களும் கல்லூரி மாணவர்களும் நிற்பார்கள் என்பதை மட்டும் குறித்துவிட்டு மேலே செல்கிறேன்.

பங்குனி உத்திரம் அவ்வாறு சுருக்கிச் சொல்லத் தக்கதன்று. செம்பூரில் அன்று விடியற்காலை முதலே மஞ்சள் ஆடையும் பால்குடமும் காவடியுமாகப் பக்தர்கள் திருச்செம்பூர் முருகனின் படிகளை நோக்கி நடப்பார்கள். அலுவலகம் செல்லும் கூட்டம் ஒரு பக்கம், காவடிக் கூட்டம் மற்றொரு பக்கம். ஆனால், தெற்குச் சீமைக்காரர்களுக்கு அன்றைய நாள் முருகனுக்கு மட்டும் உரியது அன்று. அது சாஸ்தாவின் நாள். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பகுதிகளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குலதெய்வமாக ஒரு சாஸ்தா உண்டு. ஆற்றங்கரையிலோ குளக்கரையிலோ தேரிக்காட்டிலோ அமர்ந்திருக்கும் அந்த சாஸ்தாவின் முன் பங்குனி உத்திரத்தன்று பொங்கலிடக் குடும்பம் முழுவதும் கூடியாக வேண்டும். ஆண்டு முழுதும் ஆளில்லாமல் கிடக்கும் கோயில்கள் அந்த ஒருநாள் ஊராக மாறிவிடும்.

தாதரிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் சாளுக்யா எக்ஸ்பிரஸும், சத்ரபதி சிவாஜி நிலையத்திலிருந்து புறப்படும் நாகர்கோவில் வண்டியும் பங்குனி, சித்திரையில் எந்த நெரிசலைச் சுமக்கின்றன என்பதை நடைமேடையில் நின்று பார்த்தவர்களே அறிவார்கள். 60 நாட்களுக்கு முன் முன்பதிவு திறந்த சில நிமிஷங்களிலேயே இடம் தீர்ந்துவிடும். இவ்வளவு சிரமத்துக்குப் பிறகும், மருத்துவர் வேண்டாமென்று தடுத்தும், கொடைக்குப் புறப்பட்ட பெரியவர் ஒருவரைத் தாராவியில் கேட்டேன்.

“அண்ணாச்சி, இந்த வயசுல ரெண்டு ராத்திரி ரயில்ல உக்காந்துக்கிட்டு அவசியம் போவணுமா?”

“போவாம முடியுமா தம்பி? வரிய குடுத்தாச்சுன்னா முடிஞ்சு போச்சா? கொடையில தலைக்கட்டு பேரு வாசிப்பாவல்லா, அப்போ ‘இங்க இருக்கேன்’னு சொல்ல ஒரு ஆளு நிக்கணும்லா. எங்க அப்பா நின்னாரு. நான் நிக்கேன். எனக்குப் பொறவு இவன் நிப்பான்.”

‘இவன்’ என்று அவர் காட்டிய பேரன், மராத்திப் பள்ளியில் படிப்பவன். தமிழில் தன் பெயரை எழுதத் தெரியாதவன். ஆனால் வில்லுப்பாட்டில் எந்த இடத்தில் குடத்தின் தாளம் மாறினால் சாமியாடி எழுந்திருப்பார் என்பதை அவன் எனக்கு விவரமாகச் சொன்னான். எழுத்துத் தெரியாமலும் ஒரு மரபு கைமாற முடியும் என்பதற்காக நான் மகிழ்ந்தேன். அவனுக்கு அந்த எழுத்தும் தெரிந்திருக்க வேண்டும் என்ற வருத்தமும் உடன் இருந்தது. தமிழ் கற்பிக்கும் மாநகராட்சிப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்து வருவதைப் பற்றி வேறொரு சமயம் எழுதுகிறேன்.

அதே 2025-இல் ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு. தாராவியின் தமிழ்த் திருச்சபையார் ஓலைக் குருத்தை ஏந்திச் சந்துகளின் வழியே பாடிச் சென்றார்கள். ஓலையைச் சிலுவையாக மடிக்கும் கைவேலையில் நெல்லைக் கிறிஸ்தவப் பெண்களை மிஞ்ச ஆளில்லை. பனங்காட்டில் பிறந்தவர்களின் விரல்களல்லவா அவை! அதே இரவு பன்னிரண்டு மணிக்கு நீலக்கொடிகளும் வாண வேடிக்கையுமாக அம்பேத்கர் ஜயந்தி பிறந்தது. 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி பிறந்த அம்மேதை குடியிருந்த ராஜகிருஹம், மாட்டுங்காவை ஒட்டிய தாதர் ஹிந்து காலனியில்தான் இருக்கிறது. தாராவியின் ஆதிதிராவிடத் தமிழர் பலருக்கு அவர் மராத்தியர் தலைவர் அல்லர், தம் வீட்டுப் பெரியவர். விடிந்தால் விசுவாவசு வருஷம், சித்திரை முதல் நாள். கண்ணாடி, வெள்ளரி, கொன்றைப்பூ, பொன், பழம் இவற்றை முதலில் காணும் கனிக்காட்சிக்காக மலையாளிகளும் தமிழரும் கொச்சு குருவாயூர் வாசலில் இருட்டிலேயே வரிசையில் நின்றார்கள். கோயில்களில் பஞ்சாங்கம் படித்தார்கள். ஓர் ஊர் தூங்குவதற்குள் மற்றோர் ஊர் விழித்துக்கொள்வதைப் போல, ஒரு கூட்டத்தின் பண்டிகை முடிந்த இடத்திலே இன்னொரு கூட்டம் பந்தலை ஏற்றுக்கொண்டது. சில இடங்களில் அது அதே பந்தல். துணியை மட்டுந்தான் மாற்றினார்கள்.

இந்தப் பருவத்தில் கும்பார்வாடாவுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தாராவியில் சக்கரம் சுழற்றும் இடம் அது. பஞ்சுக் கழிவைப் போட்டு எரிக்கும் சூளையின் புகை கண்ணைக் கரிக்கும். ஆனாலும் வெயிலில் வரிசையாக உலரும் செம்மண் குடங்களைக் காணும்போதே தாகம் பாதி அடங்கும். அக்ஷய திருதியை அன்று மராத்தியர் முன்னோர் நினைவாக நீர் நிறைத்த மண்குடத்தைத் தானம் செய்கிறார்கள்; நம்மவர் சித்திரையில் உதககும்ப தானம் செய்கிறார்கள்; தெருமுனையில் மராத்தியர் வைக்கும் ‘பாண்போயி’ நம்முடைய தண்ணீர்ப் பந்தலேயாகும். இவர்கள் எல்லாருக்கும் குடம் தருபவர் கும்பார்வாடாக் குயவர். அந்தக் குடத்திலிருந்து முதல் குவளை வாங்கிக் குடிப்பவர் யாரோ ஒரு பீகார் மூட்டைதூக்கி.

இனிச் சொல்லப்போவது என்னைச் சில மாதங்களாக உறங்கவிடாத விஷயம். ஏறத்தாழ 600 ஏக்கர் பரப்புள்ள தாராவியைப் புதுப்பிக்கும் பணி, 2022-இல் நடந்த ஏலத்தின்பின் அதானி குழுமத்திடம் சேர்ந்திருக்கிறது. வீடுகள் எண்ணப்படுகின்றன. 2000-ஆம் ஆண்டு பிறப்பதற்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. பிறகு வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வேறெங்கோ இடம் என்று சொல்லப்படுகிறது. தனிக் கழிப்பறை உள்ள வீடு வேண்டாமென்று சொல்ல எனக்கு உரிமை இல்லை; மழைக்காலத்தில் அந்தச் சந்துகளில் முழங்கால் அளவு நீரில் நடந்தவர்கள் யாரும் பழைய தாராவியை அப்படியே வைத்திருங்கள் என்று கேட்கமாட்டார்கள். ஆனால், கணக்கெடுப்பவர்களின் தாளில் வீடு இருக்கிறது, கடை இருக்கிறது, கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும்கூட இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரே இரவு ஹோலிக் குழி தோண்டப்படும் மூன்று முழ இடம் இருக்கிறதா? குருத்தோலை ஊர்வலம் திரும்பும் முடுக்கு இருக்கிறதா? மற்ற நாட்களில் வண்டி நிறுத்தப்பட்டு, கொடைப் பந்தலுக்கும் இஃப்தார் விரிப்புக்கும் ஜயந்தி மேடைக்கும் முறைவைத்து விடப்படும் அந்த முற்றத்தின் பெயர் எந்தத் தாளில் இருக்கிறது? இருபது மாடிக் கட்டடத்தின் மின்தூக்கி வாசலில் எதிர்வீட்டுத் தட்டு வந்து சேரலாம். காவடியும் சப்பரமும் அதில் ஏறமுடியாது. கூடி நிற்க இடமில்லாதபடி வீடு கட்டிக்கொடுத்தால், தலைக்கட்டுகள் இருக்கும், ஊர் இராது.

ஆகையால், தாராவியில் வாழும் என் வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு பெரிய தாளை விரித்துக்கொள்ளுங்கள். மாசி முதல் சித்திரை வரையில் உங்கள் சந்தில் எந்தெந்த விசேஷம் எந்த இடத்தில் நடக்கிறது, பந்தற்கால் எங்கே நடுகிறீர்கள், ஊர்வலம் எந்த வழியாகச் சென்று எங்கே திரும்புகிறது, அடுப்பு எங்கே மூட்டுகிறீர்கள், எத்தனை பேர் உட்கார்ந்து உண்கிறார்கள் என்பதையெல்லாம் அடிக்கணக்கோடு அதில் வரையுங்கள். பக்கத்துச் சந்து மராத்தியரையும் பாய்மார்களையும் கோலிவாடாக்காரரையும் அவரவர் இடங்களை அதே தாளில் குறிக்கச் சொல்லுங்கள். தமிழிலும் மராத்தியிலும் எழுதி, எல்லாச் சங்கங்களும் கையெழுத்திட்டு, கணக்கெடுக்க வருகிறவர்களிடம் ஒரு பிரதியும் வார்டு அலுவலகத்தில் ஒரு பிரதியும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வரைவதற்குத் துணை வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன். அளவு நாடா என்னிடம் இருக்கிறது.